பதினொரு வருடம் நடித்தபின் படம் இயக்கப் போகிறேன்: நானே நடிக்கலாமா?

கேள்வி (ஆரையம்பதியிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். நான் பதினொரு வருடங்களாகக் குறும்படங்களில் நடித்து வருகிறேன். பாடசாலைக் காலத்தில் தமிழ்த்தினப் போட்டி நாடகங்களில் தொடங்கி, ஊர்க்கூத்தொன்றில் வீமனாக ஆடி, பின்பு நண்பர்கள் எடுத்த குறும்படங்களில் ஒன்றன்பின் ஒன்றாக நடித்து, இப்போது மட்டக்களப்பில் யாராவது புதிதாகக் குறும்படம் தொடங்கினால் என்னையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பார்கள் என்ற நிலைக்கு வந்திருக்கிறேன். இந்த வருடம் நானே ஒரு படத்தை இயக்குவதென்று முடிவு செய்துள்ளேன். ஏறத்தாழ 45 நிமிடப் படம்.

கதை மட்டக்களப்பு வாவியின் மண்முனைத்துறையில் பாதை ஓட்டிய ஒருவரைப் பற்றியது. வாவியைக் கடப்பதற்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை இங்கே நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம் என்பதை வெளியூர் வாசகர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். 2014ஆம் ஆண்டு அங்கே பாலம் திறக்கப்பட்டது. அது இரு கரையாருக்கும் பெரிய நன்மை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் எழுவான்கரைக்கும் (வாவியின் கிழக்குக் கரை) படுவான்கரைக்கும் (மேற்குக் கரை) இடையில் வாழ்நாள் முழுவதும் போய்வந்த ஒருவர், பாலம் திறந்த மறுநாட் காலையில் எழுந்து எங்கே போயிருப்பார் என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அந்தப் பாத்திரத்தை எனக்காகவே எழுதியிருக்கிறேன். அவருக்கு 58 வயது, எனக்கு 33. தலைக்கு நரை பூசிக் கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

என்னைக் குழப்பிய சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ற வருடம் நான் நடித்த குறும்படமொன்றில், இயக்குநர் அவசர வேலையாகப் போக நேர்ந்ததால் மிகுதிக் காட்சிகள் இரண்டை என்னை எடுத்து முடிக்கச் சொன்னார். மிகுந்த உற்சாகத்தோடு எடுத்தேன். ஒவ்வொருவருக்கும் எப்படிப் பேச வேண்டும் என்று பேசிக் காட்டினேன், நடந்து காட்டினேன். தொகுத்த பின்பு பார்த்தபோது எனக்குக் கவலையாகிவிட்டது. அந்த இரண்டு காட்சிகளிலும் எல்லோரும் என்னைப் போலவே பேசினார்கள். நான் நிறுத்தும் இடத்தில்தான் அவர்களும் நிறுத்தினார்கள். அறுபது வயது அம்மா ஒருவர்கூட என்னுடைய பெருமூச்சை விட்டார்.

நடிப்பிலிருந்து இயக்கத்துக்கு வருபவர் உண்மையில் எதைப் புதிதாகக் கற்க வேண்டும்? முதற்படத்தில் தானே நடிப்பது சரியா? யாரிடமாவது உதவி இயக்குநராக இருந்துவிட்டுத்தான் வர வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் மனம் திறந்து சொல்லுங்கள்.


மறுமொழி 1 (கல்லடியிலிருந்து, படத்தொகுப்பு வேலை செய்பவர்)

தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கான விடையின் பாதியை அந்தக் குறும்படச் சம்பவத்திலேயே நீங்கள் கண்டுவிட்டீர்கள். நடிகருக்கு ஒரு காட்சி உள்ளேயிருந்து தெரியும்: இந்த இடத்தில் தொண்டை அடைக்கும், இந்த இடத்தில் கை நடுங்கும் என்று அவர் உடம்பு அறியும். இயக்குநருக்கு அதே காட்சி வெளியிலிருந்து தெரிய வேண்டும்: பார்ப்பவர் எங்கே நின்று பார்க்கிறார், எவ்வளவு நேரம் பார்க்கிறார், யாருடைய முகத்தை அவருக்குக் காட்டாமல் விடுகிறோம் என்பவை எல்லாம் அவர் தீர்மானிக்க வேண்டியவை. முதலாவது அறிவு உங்களிடம் நிறைய இருப்பதனாலேயே இரண்டாவதைத் தேடாமல் இருந்துவிட்டீர்கள்.

பெரிய நடிகர்கள் இந்த மாற்றத்தை எவ்வளவு மெதுவாகச் செய்தார்கள் என்று பாருங்கள். கமல்ஹாசன் 1960இல் களத்தூர் கண்ணம்மாவில் குழந்தையாக நடித்தவர். இயக்குநர் என்று அவர் பெயர் முதன்முதலில் வந்தது 1997இல், சாச்சி 420 என்ற இந்திப் படத்தில். இடையிலிருந்த அந்த 37 வருடங்களில் அவர் நடனப் பயிற்சியாளருக்கு உதவியாக இருந்தார், ராஜபார்வையைத் தயாரித்தார், தேவர் மகனுக்குத் திரைக்கதை எழுதினார். அதாவது இயக்கத்தின் ஒவ்வொரு உறுப்பையும் வேறு ஓர் இயக்குநரின் கீழ் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். தனுஷ் 2002இல் நடிக்க வந்து 2017இல் ப. பாண்டியை இயக்கினார். அதில் முதன்மைப் பாத்திரம் ராஜ்கிரணுக்கு. தனுஷ் அந்தப் பாத்திரத்தின் இளமைக் காலத்தில் மட்டும் வருவார். உங்கள் கதையும் வயதான ஒருவரின் கதை என்பதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: தன் பெயருக்காகவே படம் ஓடும் என்ற நிலையில் இருந்த ஒரு நடிகர், வயதானவருக்கு வயதானவர்தான் வேண்டும் என்று ஒதுங்கி நின்றார். அமெரிக்காவில் ரொபேர்ட் ரெட்போர்ட் புகழின் உச்சியில் இருந்தபோது 1980இல் இயக்கிய முதற்படத்தில் அவர் நடிக்கவேயில்லை. அந்தப் படத்துக்குத்தான் சிறந்த இயக்குநருக்கான ஒஸ்கார் அவருக்குக் கிடைத்தது.

தானே நடித்து இயக்கியவர்களும் இருக்கிறார்கள். கிளின்ட் ஈஸ்ட்வுட் 1971இல் தன் முதற்படத்தை அப்படித்தான் எடுத்தார். ஆனால் தன்னை முன்பு இயக்கிய டொன் சீகலை அந்தப் படத்தில் மதுக்கடைக்காரர் வேடத்தில் நடிக்கக் கூப்பிட்டு, படப்பிடிப்பில் தன் அருகில் வைத்துக் கொண்டார். நீங்களும் நடித்தே தீருவேன் என்றால், உங்கள் நடிப்பைப் பார்த்து “இது சரியில்லை, இன்னொருமுறை” என்று அஞ்சாமல் சொல்லக்கூடிய ஒருவர் கமராவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் உங்கள் நண்பராக மட்டும் இருந்தால் போதாது. அவருடைய சொல்லை நீங்கள் மீறமாட்டீர்கள் என்ற மதிப்பும் அவருக்கு இருக்க வேண்டும்.

இனி என் வேலை சார்ந்து பேசுகிறேன். நடிகர்கள் இயக்கிய காட்சிகள் என் மேசைக்கு வரும்போது ஒரே குறையைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். பேசுபவரின் முகம் வேண்டிய அளவு இருக்கும். கேட்பவரின் முகம் இருக்காது. வசனம் முடிந்ததும் “கட்” சொல்லியிருப்பார்கள். அதன்பின் வரும் நான்கைந்து விநாடி மௌனம் பதிவாகியிருக்காது. ஒருவர் அறைக்குள் நுழைவதும் வெளியேறுவதும் இருக்காது. நடிகருக்குத் தன் வசனமே காட்சி என்று பழகிவிட்டதனால் வரும் குறை இது. தொகுப்பவருக்கோ வசனங்களுக்கு இடையில் இருப்பதுதான் கைமுதல். ஒவ்வொரு காட்சியிலும் கேட்பவர் மீது ஒருமுறை முழுக் காட்சியையும் எடுத்துவிடுங்கள். வசனம் முடிந்தபின் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு நிறுத்துங்கள்.

உங்கள் படத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பாதை நகரும் பொருள். பின்னணி மாறிக்கொண்டே இருக்கும். எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போகும்போது கமராவை வடக்கு நோக்கி வைத்தால் பாதை திரையில் வலமிருந்து இடமாக நகரும். திரும்பி வரும் பயணத்தைத் தெற்கு நோக்கி எடுத்தால் அதுவும் வலமிருந்து இடமாகவே நகரும். பார்ப்பவருக்கு அவர் போகிறாரா வருகிறாரா என்று தெரியாது. போவதும் வருவதும்தான் உங்கள் கதை என்பதனால் இதில் பிழை விட்டால் படமே குழம்பிவிடும். எந்தப் பக்கம் நின்று எடுப்பது என்று முதலிலேயே தீர்மானித்து, ஒரு தாளில் வாவியை வரைந்து, ஒவ்வொரு காட்சிக்கும் கமராவின் இடத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். காலை வெயில் எழுவான்கரைப் பக்கமிருந்து வரும். அதே காட்சியின் மிகுதியைப் பின்னேரம் எடுத்தால் ஒரே முகத்தில் இரண்டு சூரியன் விழும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒலிவாங்கிக்கு நல்ல காற்றுத்தடுப்பு இல்லாமல் வாவிக்குப் போகவே வேண்டாம்.

உதவி இயக்குநராக இருந்துதான் வர வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பெயருக்கு உதவி இயக்குநராக இருப்பதைவிட, வேறொருவர் எடுத்த படத்தின் தொகுப்பில் ஒரு மாதம் அருகில் இருந்து பார்ப்பது உங்களுக்குக் கூடுதலாகப் பயன்படும் என்பது என் எண்ணம். நம் நாட்டிலேயே காமினி பொன்சேகாவைப் பாருங்கள். நாயகனாகப் பெயர் பெறுவதற்கு முன்பு, 1956இல் வெளிவந்த ரேகாவ படத்தில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் குழுவில் கமராவுக்குப் பின்னால் வேலை செய்தவர் அவர். பத்து வருடம் கழித்து 1966இல் பரசது மல் படத்தைத் தானே இயக்கி நடித்தபோது, கமரா என்ன பார்க்கும் என்பது அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.


மறுமொழி 2 (கன்னன்குடாவிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

அன்பான தம்பிக்கு, சினிமாவைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் நடித்தவர் இயக்குநராவது நமக்குப் புதிய விடயமா என்று யோசித்தால், நம்முடைய கூத்தில் நெடுங்காலமாக அப்படித்தான் நடந்து வருகிறது. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் என்பவர் யார்? சிறுவயதில் பெண் வேடமோ கட்டியகாரனோ கட்டி ஆடி, பின்பு இராச வேடம் ஆடி, வயது போனபின் மத்தளத்தைக் கையில் எடுத்தவர். ஆடாதவர் அண்ணாவியாரானதை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

ஆனால் ஒன்றை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அரங்கேற்ற இரவில் அண்ணாவியார் வேடம் கட்டுவதில்லை. வட்டக்களரிக்குள் (கூத்தாடும் வட்ட மேடைக்குள்) மத்தளத்தோடு நிற்பார். அவரைச் சுற்றித்தான் கூத்து முழுவதும் ஓடும். சனங்களுக்கு முன்னால், கூத்தர்களுக்கு நடுவில் நிற்கிறார். ஆயினும் அவரை யாரும் பார்ப்பதில்லை. அவரோ எல்லோரையும் பார்க்கிறார். ஒருவருக்குத் தாளம் தப்புகிறதென்றால் மத்தளத்தில் ஓர் அடியைக் கூட்டிப் போட்டு அவரை இழுத்து எடுப்பார். ஒருவர் பாட்டை மறந்தால் பக்கப்பாட்டுக்காரருக்குக் கண்ணைக் காட்டுவார். தானும் வேடம் கட்டி ஆடிக் கொண்டிருந்தால் இதையெல்லாம் செய்ய ஏலாது.

நீங்கள் பேசிக் காட்டியதனால் எல்லோரும் உங்களைப் போலப் பேசினார்கள் என்று எழுதியதை இரண்டுமுறை வாசித்தேன். சட்டம் கொடுக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று அண்ணாவியார் பகிர்ந்து கொடுக்கும்போது, அவர் பார்ப்பது குரலை, உடல்வாகை, நடையை. உயரமானவருக்கு உயரத்துக்கேற்ற பாத்திரம், கனத்த குரலுக்கு அதற்கேற்ற பாத்திரம். அதன்பின் கிழமைக்கூத்து என்று மாதக்கணக்கில் பழக்குவார். ஆட்டத்தின் அடிகளைத் தாளக்கட்டோடு சொல்லிக் கொடுப்பார், தேவையானபோது ஆடியும் காட்டுவார். ஆனால் ஒரே தாளக்கட்டை இரண்டு பேர் ஆடும்போது இரண்டு வீமன்கள் வருவார்கள். அதை நல்ல அண்ணாவியார் திருத்தமாட்டார். அடி பிழைத்தால் திருத்துவார், ஆளைத் திருத்தமாட்டார். நீங்கள் அடியைச் சொல்லிக் கொடுத்தீர்களா, ஆளை மாற்றப் பார்த்தீர்களா என்று உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள்.

சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழுக் கூத்தையும் ஒத்திகையாக ஆடிப் பார்த்து), அதன் பின்புதான் அரங்கேற்றம். இந்த ஒழுங்கு சும்மா வந்ததில்லை. அடுக்குப் பார்க்கும்போது ஊர்ப் பெரியவர்கள் வந்திருந்து குறை சொல்வார்கள். அண்ணாவியார் கேட்டுக் கொள்வார். உங்கள் படத்துக்கும் அப்படியொரு அடுக்குப் பார்த்தல் வேண்டும். கைபேசியில் முழுப் படத்தையும் ஒருமுறை எடுத்து, பாதையில் போய்வந்த நாலு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

பாதைக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் அந்தத் துறையால் போய்வந்தவன். நரை பூசிய 33 வயதுக்காரர் கயிற்றைப் பிடிப்பதற்கும், உண்மையில் வயதானவர் பிடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வயதானவர் முதலில் காலை ஊன்றிக் கொள்வார், பிறகுதான் கையை நீட்டுவார். இந்தப் பக்கத்தில் கூத்தாடிய வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் தேடுங்கள்.


மறுமொழி 3 (காரைதீவிலிருந்து, நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் ஆசிரியை)

மேலே எழுதியவர்கள் இருவரும் நல்ல விடயங்களைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சொன்ன பெயர்கள் எல்லாமே ஆண்களுடைய பெயர்களாக இருப்பதனால் நான் எழுத வேண்டியிருக்கிறது. தமிழ் சினிமாவில் நடிப்பிலிருந்து இயக்கத்துக்குப் போன வழியை முதலில் வெட்டியவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். 1931இல் வந்த காளிதாஸ் படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமி, ஐந்தே வருடத்தில், 1936இல், மிஸ் கமலா படத்தை எழுதித் தயாரித்து இயக்கினார். பானுமதி 1953இல் சண்டிராணியைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழிகளில் இயக்கி, அதில் இரட்டை வேடத்திலும் நடித்தார். இயக்குநர் நாற்காலிக்குப் பெண்ணுக்கு வேறு வாசல் அன்று இருக்கவில்லை. உதவி இயக்குநராக யாரும் சேர்த்துக் கொள்ளாத காலத்தில், நடிப்பினால் கிடைத்த பெயரும் பணமும்தான் அவர்களை அங்கே கொண்டு சேர்த்தன.

சாவித்திரியின் அனுபவத்தை உங்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்கிறேன். மகாநடிகை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 1971இல் வந்த பிராப்தம் படத்தை அவரே இயக்கி, அவரே நாயகியாக நடித்து, தயாரிப்பின் சுமையையும் தானே ஏற்றார். படம் தோற்றபோது பணமாக, பெயராக, உடல்நலமாக எல்லாமே ஒரே ஆளின் தலையில் விழுந்தது. படம் தோற்பது எவருக்கும் நேரலாம். அதைத் தாங்க இன்னும் இருவர் இருந்தால் மனிதர் தப்பித்துக் கொள்வார். தம்பி, உங்கள் படத்துக்கு யார் பணம் போடுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் நீங்கள்தான் என்றால், நடிப்பையாவது மற்றவருக்குக் கொடுங்கள்.

பிற்காலத்தில் வந்தவர்கள் இதைப் புரிந்து கொண்டவர்கள்போலத் தெரிகிறது. சுஹாசினி நடிக்க வருவதற்கு முன்பே ஒளிப்பதிவு படித்து, கமரா உதவியாளராக இருந்தவர். 1995இல் இந்திராவை இயக்கினார். ரேவதி 2002இல் இயக்கிய முதற்படத்தில் நாயகியாக ஷோபனாவை நடிக்க வைத்தார். ஷோபனாவுக்கு அதற்காகத் தேசிய விருது கிடைத்தது. ஒரு நல்ல நடிகை இயக்குநராகும்போது இன்னொரு நல்ல நடிகையிடமிருந்து எவ்வளவு பெற முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? லட்சுமி ராமகிருஷ்ணனும் 2012இல் ஆரோகணத்தை இயக்கியபோது அதன் பாரத்தை விஜி சந்திரசேகரின் தோளில் நம்பி வைத்தார். நம் நாட்டில் மாலினி பொன்சேகா 1984இல் இயக்கத் தொடங்கிவிட்டார். சிவாஜியோடு பைலட் பிரேம்நாத்தில் நடித்தவர் என்று மட்டுமே எங்கள் வீடுகளில் அவரை நினைவு வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. உங்கள் கதையில் பாதைக்காரர் இருக்கிறார். பாதையில் ஏறியவர்கள் யார்? என் முதல் நியமனம் படுவான்கரையில் ஒரு பாடசாலை. விடியற்காலையில் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக் கொண்டு, மறுகையில் பையும் செருப்புமாக அந்தப் பாதையில் ஏறிய ஆசிரியைகள் எத்தனை பேர் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கும். மழைக்காலத்தில் வாவி பெருகிப் பாதை ஓடாத நாட்களில் நாங்கள் கரையில் நின்று அவருடைய முகத்தைத்தான் பார்ப்போம். அவர் தலையை ஆட்டினால் வீட்டுக்குத் திரும்புவோம். அவர் அதிகம் பேசியதில்லை. பாடசாலை விடுமுறைக்குப் பின் முதல் நாளில் “ரீச்சர், எல்லாரும் சுகமா” என்று கேட்பார், அவ்வளவுதான். நடிகராக நீங்கள் கதையை அவருடைய உடம்புக்குள் இருந்து எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இயக்குநராக ஒருமுறை கரையில் நின்று, அவருக்காகக் காத்திருப்பவர்களின் கண்ணால் எழுதிப் பாருங்கள். படுவான்கரையில் பாடசாலைக்குப் போய்வந்தவர்களில் கேட்டால் கதை சொல்லப் பலர் இருப்பார்கள், நானும் ஒருத்தி.


மறுமொழி 4 (அக்கரைப்பற்றிலிருந்து)

எல்லோரும் நடிக்க வேண்டாம் என்கிறீர்கள். என் கருத்து வேறு. ஒருவர் மனதில் நீண்ட நாளாக ஊறிய கதையில் அவரே நடிக்கும்போது வருகிற சூடு தனியானது. நாசர் 1995இல் அவதாரத்தை இயக்கியபோது, கூத்தாடும் குழுவைப் பற்றிய அந்தக் கதையில் தானே முன்னின்று நடித்தார். அந்த மனிதரின் தவிப்பை வேறொருவர் முகத்தில் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பார்த்திபன் 1989இல் புதிய பாதையில் இரண்டையும் ஒன்றாகச் செய்தார். ஆனால் அவர் பாக்யராஜிடம் உதவியாளராக இருந்துவிட்டு வந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். எம்.ஜி.ஆர் 1958இல் நாடோடி மன்னனைத் தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்திலும் நடித்தார். அப்போது அவர் திரையில் இருபது வருடங்களுக்கு மேல் கழித்திருந்தார்.

எழுத எழுத என் வாதமே கொஞ்சம் தளர்வது எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் நான் சொல்கிற ஒவ்வொருவரும் இரண்டையும் ஒன்றாகச் செய்வதற்கு முன்பு நீண்ட காலம் ஆயத்தமானவர்கள். அப்படியிருந்தும், தம்பியை அடியோடு வெளியே நிறுத்துவதை நான் ஏற்கவில்லை. அவர் முகத்துக்காகப் படம் பார்க்க வருகிறவர்கள் மட்டக்களப்பில் இருக்கிறார்கள். ஒரு பயணியாக, மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றும் ஒருவராக, ஒரு காட்சியில் வந்து போகட்டும்.

மட்டக்களப்பார் இந்தப் பேச்சில் ஒருவரை மறந்துவிட்டீர்கள். அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா. அவர் நடிகராக இருந்து வந்தவரில்லை. பூனாவில் ஒளிப்பதிவு படித்து, கமராமேனாகப் பெயர் எடுத்து, 1977இல் கோகிலாவை இயக்கினார். அவர் தன் படத்தில் முதன்மைப் பாத்திரமாக நடித்தது கடைசிப் படமான தலைமுறைகளில், 2013இல். பாட்டனார் ஒருவரின் கதை அது. அந்த வயது அவருக்கு உண்மையாகவே வந்திருந்தது. 36 வருடம் மற்றவர்களைப் பார்த்துவிட்டு, அதன் பின் தன்னைக் கமராவுக்கு முன்னால் வைத்தார். உங்கள் பாதைக்காரரை உங்களுக்கு 58 வயதாகும்போது இன்னொரு முறை எடுங்கள், அப்போது நீங்களே நடியுங்கள். இதை மனதாரச் சொல்கிறேன்.


கேட்டவரின் பதில்

அண்ணன், ஐயா, ரீச்சர், அக்கரைப்பற்றுக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்), நால்வருக்கும் என் நன்றி. மூன்று நாளாக இதையே வாசித்துக் கொண்டிருக்கிறேன். பாதைக்காரராக நான் நடிக்கவில்லை. இதை எழுதும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பாத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதியவன் நான். ஆனால் ஐயா சொன்ன கயிற்றை நேற்று நானே பிடித்துப் பார்த்தேன். குருமண்வெளித்துறைக்குப் போய், மண்டூருக்குப் போகும் பாதையில் இரண்டு முறை போய்வந்தேன். அங்கே வேலை செய்தவர் பயணிகளைப் பார்க்கவேயில்லை, தண்ணீரைத்தான் பார்த்துக் கொண்டிருந்தார். என் எழுத்தில் அவர் எல்லோரையும் பார்த்துப் பேசுகிறார். முதல் இருபது பக்கத்தை மாற்றி எழுதத் தொடங்கியிருக்கிறேன். ரீச்சர், கரையில் காத்திருப்பவர்களிடமிருந்து தொடங்குகிறேன். உங்களைச் சந்திக்கக் காரைதீவுக்கு வருவேன்.

காக்கா சொன்ன மோட்டார் சைக்கிள்காரர் வேடத்தை வைத்துக் கொள்கிறேன், வசனம் இல்லாமல். அன்று கமராவுக்குப் பக்கத்தில் நிற்க அண்ணன் வருவீர்களா?

ஐயாவிடம் ஒரு கேள்வி. படுவான்கரையில் கூத்தாடிய ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டேன். 61 வயது. முகமும் கையும் நான் தேடியவைதான். ஆனால் வசனத்தைச் சொல்லச் சொன்னால் களரியின் நாலு பக்கத்துக்கும் கேட்கும்படி குரலை எடுக்கிறார். ஒலிவாங்கி பக்கத்தில் இருக்கிறது, மெதுவாகப் பேசுங்கள் என்றால் குரலோடு சேர்த்து உணர்ச்சியையும் குறைத்துவிடுகிறார். நான் பேசிக் காட்டக் கூடாது என்று நினைத்துப் பேசாமல் வந்துவிட்டேன். என்ன செய்யலாம்?


மறுமொழி 2இன் எழுத்தாளர் (கன்னன்குடா)

தம்பி, பேசிக் காட்டாமல் வந்தது நல்லது. அவருக்குக் குரலைக் குறைக்கத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். கூத்து முடிந்து விடியற்காலையில் உடுப்புக் களையும்போது பக்கத்தில் இருப்பவரோடு அவர் எப்படிப் பேசுவார் என்று நினைத்துப் பாருங்கள். தொண்டை கட்டியிருக்கும், ஆனாலும் இரவு முழுவதும் ஆடிய ஆட்டம் அந்தக் குரலுக்குள் இருக்கும். அந்தக் குரல்தான் உங்களுக்கு வேண்டும்.

“வசனம்” என்ற சொல்லைச் சொன்னதும் அவருக்குக் களரி நினைவு வந்துவிடுகிறது. அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். கொப்பியையும் கையில் கொடுக்க வேண்டாம். அவரோடு தோணியில் ஏறுங்கள். எதிரில் இருக்க வேண்டாம், பக்கத்தில் இருந்து, அவர் துடுப்பைப் பிடித்துக் கொண்டிருக்கும்போது பாதைக்காரரிடம் கேட்க வேண்டியதை அவரிடமே கேளுங்கள். கையில் வேலை இருந்தால் குரல் தானாக இறங்கும். நீங்கள் எழுதிய சொல் வராமல் அவருடைய சொல் வந்தால் அதையே எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவரைக் கூட்டிக் கொண்டு இங்கே வாருங்கள். தோணிக்கு நான் சொல்லி வைக்கிறேன். முதல் நாள் கமரா வேண்டாம், ஒலிப்பதிவுக் கருவி மட்டும் போதும்.